காலை எட்டு மணியின் கார்டிசால்

ரத்தப் பரிசோதனைக்கென்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று எத்தனையோ பெயர்கள் இடம்பெறுவதுண்டு. அவற்றுள் ஒன்றின் பக்கத்தில் மட்டும் கடிகாரத்தின் மணியும் சேர்த்து எழுதப்பட்டிருப்பதைச் சில வேளை காணலாம். ‘கார்டிசால், காலை 8 மணி’ என்றிருக்கும் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வருகிறவர், தமக்குச் சௌகரியப்பட்ட வேளையில் ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம் என்றெண்ணிப் பதினொரு மணிக்கோ மாலை நான்கு மணிக்கோ பரிசோதனைக் கூடத்துக்குப் போவாரானால், கிடைக்கும் எண் இயந்திரத்தின் அளவில் கொஞ்சமும் பிழையற்றதாக இருந்தபோதிலும், டாக்டர் கேட்ட கேள்விக்கு அது விடையாக இராது. அந்த ஹார்மோனின் சுபாவமே பொழுதோடு பின்னிக் கிடப்பதால், பொழுதைக் குறிக்காத கார்டிசால் அளவு பாதி எழுதப்பட்ட வாக்கியத்துக்குச் சமானம். இது தெரியாமையால் வீணாகும் பணமும், வீணாக உண்டாகும் பீதியும், இவற்றைவிடக் கொடியதாகிய வீண் நிம்மதியும் நம்மிடையே நிறைய இருப்பதால், விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

கார்டிசாலைச் சுரப்பவை அட்ரீனல் சுரப்பிகள். இரண்டு சிறுநீரகங்களின் உச்சியின்மேல் பக்கத்துக்கு ஒன்றாக அமர்ந்திருக்கும் இவற்றில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 அல்லது 5 கிராம் எடைதான் இருக்கும். ரோமாபுரியில் சரீர சாஸ்திரம் கற்பித்த பர்த்தலோமியோ யூஸ்டாக்கி என்பவர் 1563-ஆம் ஆண்டில் இவற்றைக் கண்டு எழுதினார். அவர் வரைந்து வைத்த செப்புத் தகட்டுச் சித்திரங்களில் பெரும்பாலானவையோ 1714 வரையில் உலகத்தின் பார்வைக்கு வராமலே கிடந்தன. சுரப்பி இருப்பது தெரிந்த பின்னும் அது எதற்காக இருக்கிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. பிரான்ஸ் தேசத்துப் போர்தோ நகரின் அறிஞர் சபை, இச்சுரப்பிகளின் பிரயோஜனம் யாது என்ற கேள்விக்குச் சிறந்த விடை எழுதுவோருக்குப் பரிசளிப்பதாக அறிவித்து, வந்த கட்டுரைகளை ஆராயும் பொறுப்பை மொந்தெஸ்கியூவிடம் ஒப்படைத்தது. பிற்காலத்தில் அரசியல் சாஸ்திர ஆசிரியராகப் புகழ்பெற்ற அந்த மனிதர், பரிசுக்குத் தகுந்த விடை ஒன்றுகூட வரவில்லை என்று 1718-இல் தீர்ப்பளித்தார். தெரியாததைத் தெரியாது என்று சபையறிய ஒப்புக்கொண்ட அந்தத் தீர்ப்பை வைத்திய சரித்திரத்தின் நேர்மையான செயல்களுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

விடையின் முதல் பகுதி கிடைக்க மேலும் நூற்றுமுப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. லண்டன் மாநகரில் கைஸ் ஆஸ்பத்திரியில் வைத்தியராக இருந்த தாமஸ் அடிசன், காரணம் புலப்படாத ஒருவகை ரத்தசோகையைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நாளுக்கு நாள் மெலிந்து, எழுந்து நடக்கவும் திராணியற்று, நாடி ஒடுங்கி, உணவை வெறுத்து, தோலின் நிறம் விபரீதமாகக் கறுத்து மாண்டுபோகும் சில நோயாளிகளைக் கண்டார். அவர்கள் இறந்தபின் உடலை அறுத்துப் பார்க்கையில் மற்ற உறுப்புகளில் மரணத்துக்குப் போதிய காரணம் இல்லாதிருக்க, அட்ரீனல் சுரப்பிகள் மட்டும் சிதைந்திருப்பது புலனாயிற்று. பலரிடத்தில் அச்சிதைவுக்குக் காரணம் காசநோய். பதினொரு நோயாளிகளின் சரிதையை அடக்கிய அவருடைய நூல் 1855-இல் வெளிவந்தது. மறு ஆண்டிலேயே பிரௌன்-செக்கார் என்னும் ஆராய்ச்சியாளர் பிராணிகளின் அட்ரீனல் சுரப்பிகளை அகற்றிப் பார்த்து, அவை வெகு சீக்கிரத்தில் இறந்துவிடுவதைக் கண்டு, இச்சுரப்பி இன்றேல் உயிர் இல்லை என்று அறிவித்தார். பாரிஸ் நகர வைத்தியரான ட்ரூஸோ அந்நோய்க்கு அடிசனின் பெயரையே சூட்ட, அப்பெயரே இன்றளவும் வழங்குகிறது.

அடிசன் கண்ட நிறமாற்றத்தைப் பற்றித் தமிழ் வாசகருக்கு விசேஷமாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. அவருடைய நோயாளிகள் வெண்ணிறத்தவர். அவர்கள் மேனி கறுத்தால் வாசற்படியில் நிற்கிறவரும் கண்டுகொள்வார். நம்மவரிடத்தில் அது எளிதன்று. வெயிலில் அலைந்ததால் கறுத்துவிட்டான், சாப்பாடு சரியில்லாததால் வாடிவிட்டாள் என்று வீட்டார் சமாதானம் சொல்லிக்கொள்ள, மாதங்கள் கழிந்துவிடும். ஆகையால் நம் தேசத்தில் இந்நோயைச் சந்தேகிக்கும் டாக்டர் முகத்தை மட்டும் பார்த்து ஓய்வதில்லை. வாயைத் திறக்கச் சொல்லி ஈறுகளையும் உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் பார்க்கிறார். உள்ளங்கை ரேகைகள் கறுத்திருக்கின்றனவா என்றும், விரல் கணுக்களிலும் பழைய தழும்புகளிலும் புதிதாகக் கருமை ஏறியிருக்கிறதா என்றும் கவனிக்கிறார். உப்பின்மேல் அடங்காத ஆசை, படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் தலைசுற்றல், காரணமில்லாத வாந்தி, இரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறியிருத்தல் ஆகியவை கூடவே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. காசநோய் இன்னும் ஒழியாத நம் நாட்டில் அடிசன் அன்று கண்ட அதே காரணம் இன்றும் ஜீவித்திருக்கிறது. பணக்கார தேசங்களிலோ அந்த இடத்தைச் சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியே தன் சொந்தச் சுரப்பியைத் தாக்கும் விபரீதம் பெரும்பாலும் பிடித்துக்கொண்டுவிட்டது.

அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி அட்ரினலினைச் சுரக்கிறது. அதைச் சூழ்ந்த வெளிப்பகுதியிலிருந்தே கார்டிசாலும், உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டெரோனும் பிறக்கின்றன. அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த எட்வர்ட் கெண்டலும், ஸ்விட்சர்லாந்தில் ததேயுஸ் ரைக்ஸ்டைனும், டன் கணக்கான மாட்டுச் சுரப்பிகளைக் கரைத்தும் வடித்தும் 1930-களில் இந்த வெளிப்பகுதியின் சரக்குகளைப் படிகங்களாகப் பிரித்தெடுத்தனர். 1948 செப்டம்பரில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஓர் இளம் பெண்ணுக்குக் கெண்டலின் சகாவான பிலிப் ஹென்ச் கார்டிசோன் ஊசி போட, சில தினங்களுக்குள் அவள் எழுந்து நடமாடினாள். மூவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். கார்டிசோன் வருவதற்குமுன் அடிசன் நோய் என்றால் மரண ஓலை என்றே அர்த்தம். ஜான் கென்னடிக்கு 1947-இல் லண்டனில் அந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து அவர் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்க முடிந்ததற்கு, இடையில் கிடைத்த இம்மருந்தும் ஒரு காரணம்.

ஹார்மோன் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் ஒருவருடைய ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது வேறொரு பிரச்சினையாக எஞ்சியது. ஆரோக்கியமான ஒருவருக்குக் காலை வேளையில் 100 மில்லிலிட்டர் சீரத்தில் சுமாராக 5 முதல் 25 மைக்ரோகிராம் கார்டிசால் இருக்கும். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சரீரம் முழுவதிலும் ஓடிக்கொண்டிருக்கும் ரத்தத்திலுள்ள கார்டிசாலை எல்லாம் திரட்டினாலும் ஒரு மில்லிகிராம் தேறாது. இவ்வளவு சொற்பமான வஸ்துவை, அதைப்போலவே உருவமைந்த பல ஸ்டீராய்டுகளின் நடுவிலிருந்து பிரித்து அளக்கவேண்டும். ஆரம்பத்தில் ரசாயனச் சேர்க்கையால் உண்டாகும் நிறத்தைக் கொண்டும், கந்தக அமிலத்தில் கலக்கும்போது எழும் ஒளிர்வைக் கொண்டும் அளந்தனர். நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரை அளந்து ஊகிப்பதும் உண்டு. இம்முறைகள் பயன்பட்டனவாயினும், கார்டிசாலோடு அதன் உறவுகளையும் சேர்த்தே எண்ணிவிடும் குறை அவற்றை விட்டு அகலவில்லை.

வழி திறந்தது நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான ஓர் ஆஸ்பத்திரியில். பௌதிக சாஸ்திரம் படித்த ரோசலின் யாலோவும், வைத்தியரான சாலமன் பெர்சனும் 1950-களில் இன்சுலினைப் பற்றி ஆராய்ந்தபோது, ஊசியாகச் செலுத்தப்படும் இன்சுலினை எதிர்த்து உடலில் பிறபொருளெதிரிகள் தோன்றுகின்றன என்று கண்டனர். அதை விவரித்த கட்டுரையை முதலில் பத்திரிகைகள் ஏற்க மறுத்தன. பின்னர் அதே பிறபொருளெதிரிகளையே அளவுகோலாக மாற்றிக் கதிரியக்கத்தின் துணையால் ரத்த இன்சுலினை அளக்கும் முறையை அவர்கள் 1960-ஐ ஒட்டி வகுத்தபோது, உலகத்து ஆராய்ச்சிக் கூடங்கள் அனைத்தும் அவர்கள் பக்கம் திரும்பின. அம்முறைக்குக் காப்புரிமை வேண்டாம் என்று இருவரும் விட்டுக்கொடுத்ததை நான் நன்றியுடன் நினைக்கிறேன். இன்று சிறு நகரங்களிலும் சில நூறு ரூபாய்க்கு ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்ள முடிவதன் பின்னால் அந்தத் தயாளம் இருக்கிறது. பெர்சன் 1972-இல் காலமாகிவிட்டார். யாலோ 1977-இல் நோபல் பரிசைப் பெற்றார்.

அம்முறையின் தத்துவம் கடினமானதன்று. கலியாணப் பந்தியில் நூறு இலைகள் போட்டிருப்பதாகவும், வெளியே காத்திருக்கும் விருந்தினர் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாதெனவும் வைத்துக்கொள்வோம். சிவப்பு அங்கவஸ்திரம் அணிந்த நம்முடைய ஆட்கள் நூறு பேரை அவர்களோடு கலந்து உள்ளே அனுப்பிவிட்டு, பந்தி நிறைந்தபின் சிவப்பு அங்கவஸ்திரக்காரர் எத்தனை பேருக்கு இலை கிடைத்தது என்று மட்டும் எண்ணினால் போதும்: ஐம்பது பேருக்குக் கிடைத்திருந்தால் மற்ற விருந்தினரும் ஏறக்குறைய நூறு பேர், பத்துப் பேருக்கே கிடைத்திருந்தால் வெளியார் கூட்டம் மிகப் பெரிது. இலைகளே பிறபொருளெதிரி, சிவப்பு அங்கவஸ்திரம் அணிந்தோர் அடையாளமிட்ட கார்டிசால், தெரியாத விருந்தினரோ நோயாளியின் சீரத்திலுள்ள கார்டிசால். ஆனால் கார்டிசால் மிகச் சிறிய மூலக்கூறாகையால் அதை மட்டும் பிராணிகளுக்குச் செலுத்தினால் பிறபொருளெதிரி உண்டாவதில்லை. இந்தத் தடையைக் கனடாவில் மான்ட்ரியால் நகரைச் சேர்ந்த பெவர்லி மர்ஃபி 1960-களின் தொடக்கத்தில் வேறுவிதமாகக் கடந்தார். மனித ரத்தத்திலேயே கார்டிசாலைப் பற்றிக்கொண்டு திரியும் ஒரு புரதம் இயற்கையாக இருக்கிறது; அதையே அவர் இலையாகப் போட்டார். பிற்பாடு, கார்டிசாலைப் பெரிய புரதம் ஒன்றோடு பிணைத்து முயல் முதலிய பிராணிகளுக்குச் செலுத்திப் பிறபொருளெதிரி தயாரிக்கும் உபாயமும் கைவந்தது. இன்று கதிரியக்க அடையாளத்தின் இடத்தில் ஒளி உமிழும் அடையாளம் வந்து, இயந்திரம் அரை மணி நேரத்துக்குள் விடை சொல்லிவிடுகிறது. ஒளி குறையக் குறையக் கார்டிசால் அதிகம் என்று கொள்ளவேண்டும்.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். அட்ரீனல் சுரப்பி தன்னிச்சையாகக் கார்டிசாலைச் சுரப்பதில்லை. மூளையின் அடிப்பாகமாகிய ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கு ஆணையிட, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்னும் தூது ஹார்மோனை ரத்தத்தில் விட, அது வந்து சேர்ந்தபின்னரே அட்ரீனல் இயங்குகிறது. கார்டிசால் போதிய அளவு ஏறியதும் மேலிடத்து ஆணை தானே அடங்குகிறது. நாம் அயர்ந்து உறங்கும் பின்னிரவில், இரண்டு மூன்று மணிக்கெல்லாம் கார்டிசால் ஏறத் தொடங்கி, விழித்தெழும் வேளையை ஒட்டி உச்சத்தை அடைந்து, பகல் முழுவதும் சிறு சிறு எழுச்சிகளோடு இறங்கிவந்து, நள்ளிரவில் அடிமட்டத்தைத் தொடுகிறது. ரத்தத்தில் கலந்த கார்டிசாலில் பாதி ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் மறைந்துவிடுவதால், இந்த ஏற்ற இறக்கம் தயக்கமின்றி நிகழ்கிறது. காலை 8 மணிக்கு 14 மைக்ரோகிராம் இருப்பவருக்கு மாலையில் அது 5 ஆகவும், நள்ளிரவில் 2-க்கும் கீழாகவும் இருக்கலாம். மூன்றும் ஆரோக்கியத்தின் அறிகுறிகளே. நள்ளிரவில் 14 இருந்தாலோ, அது நோயைக் குறித்துச் சந்தேகம் கொள்ளவேண்டிய எண். ஆலையிலோ மருத்துவமனையிலோ வருஷக்கணக்கில் இரவு வேலை பார்த்துப் பகலில் உறங்குகிறவர்களுக்கு இந்தத் தாளமே இடம் மாறியிருக்கக்கூடும்; அவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சுரப்பி சோர்ந்துவிட்டதோ என்ற ஐயம் இருக்கும்போது, உச்சத்தில் இருக்கவேண்டிய வேளையிலும் தாழ்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பதற்காகக் காலை ரத்தம் கேட்கப்படுகிறது. அந்த வேளையில் 3 மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தால் குறைபாடு இருப்பது பெரும்பாலும் உறுதி. 15-க்கும் மேல் போனால் குறைபாடு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோர் இவ்விரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறார்கள். 7 என்றோ 9 என்றோ வந்த அறிக்கையில் ‘இயல்பு’ என்ற அச்செழுத்து இருப்பதைக் கண்டு அதை மடித்து வைத்துவிடுவது ஆபத்து. அந்த எண் எதையும் நிரூபிக்கவில்லை. அத்தகைய இடத்தில் வைத்திய சாஸ்திரம் ஓர் அழகான உபாயத்தைக் கைக்கொள்கிறது: சுரப்பியைச் சும்மா பார்த்துக்கொண்டிராமல், அதற்கு ஓர் ஆணையிட்டு, அது கீழ்ப்படிகிறதா என்று பார்ப்பது.

ஏ.சி.டி.எச். 39 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அதில் முதல் 24 இருந்தாலே வேலை நடந்துவிடும். அந்த 24-ஐ மட்டும் செயற்கையாகக் கோத்த மருந்தில் 250 மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டு, போடுவதற்குமுன் ஒருமுறையும், 30, 60 நிமிஷங்கள் கழித்தும் ரத்தம் எடுக்கிறார்கள். உயிருள்ள சுரப்பியானால் கார்டிசால் விறுவிறுவென்று ஏறி 18 மைக்ரோகிராமைத் தாண்டும் என்பது வெகுகாலமாக வழங்கிவரும் பிரமாணம். புதிய, கூர்மையான பரிசோதனை முறைகளில் அந்த எல்லை 14 அல்லது 15 என்று இறங்கியிருக்கிறது. அழிந்துபோன சுரப்பியோ எவ்வளவு கூப்பிட்டாலும் அசைவதில்லை. எந்த இடத்தில் பழுது என்று அறிய ஏ.சி.டி.எச். அளவையும் பார்ப்பார்கள்: அட்ரீனலே கெட்டிருந்தால் மேலிடம் ஓயாமல் கூப்பிடுவதால் அது மிக உயர்ந்திருக்கும், பிட்யூட்டரியில் பழுதானால் தாழ்ந்திருக்கும், அல்லது உயரவேண்டிய சமயத்திலும் உயராதிருக்கும். கார்டிசால் அறைவெப்பத்தைத் தாங்கும், ஏ.சி.டி.எச். தாங்காது. ஊதா மூடியிட்ட குழாயில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, தாமதமின்றிக் குளிர்ந்த இயந்திரத்தில் சுழற்றிப் பிரிக்காவிட்டால் அது சிதைந்து, இல்லாத குறைவைக் காட்டிவிடும். கிளை நிலையத்தில் ரத்தம் எடுத்து மத்திய கூடத்துக்கு வண்டியில் அனுப்பும் இந்நாளில், இந்தப் பனிக்கட்டியைப் பற்றி விசாரித்துக்கொள்வது நோயாளியின் உரிமை.

எதிர்த்திசை நோய்க்கு எதிர்த்திசை ஆணை. ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1932-இல் விவரித்த நோயில், முகம் உப்பி வட்டமாகி, வயிறு பெருத்து, கைகால் மெலிந்து, தோல் மெல்லியதாகிச் செவ்வரிகள் ஓட, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. கார்டிசால் மிகுதியே காரணம். கிராண்ட் லிடில் 1960-இல் வகுத்த சோதனையின் வழிவந்த இன்றைய முறைப்படி, இரவு 11 மணி சுமாருக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையைக் கொடுத்து, மறுநாள் காலையில் கார்டிசாலை அளக்கிறார்கள். ஆரோக்கியமான உடல் அந்த மாத்திரையைக் கண்டு தன் சுரப்பை நிறுத்திக்கொள்வதால் காலை அளவு 1.8 மைக்ரோகிராமைத் தாண்டாது. கட்டியொன்று தன்னிஷ்டப்படி சுரந்துகொண்டிருந்தால் அது அடங்காது. சுய கார்டிசாலோடு சேர்த்து எண்ணப்படாத ஸ்டீராய்டாக இருப்பதே இந்த வேலைக்கு டெக்ஸாமெத்தசோனைத் தகுதியுடையதாக்குகிறது.

பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து அப்படியன்று. அதன் உருவம் கார்டிசாலுக்கு மிக நெருக்கமானதாகையால் பல இயந்திரங்களின் பிறபொருளெதிரிகள் ஏமாந்து அதையும் கார்டிசாலாகக் கணக்கிடுகின்றன. சுரப்பி செத்துக் கிடக்கும் ஒருவருக்கும் நல்ல எண் வந்துவிடும். கருத்தடை மாத்திரைகளிலுள்ள ஈஸ்ட்ரோஜெனும், கர்ப்பமும், கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தைப் பெருக்குவதால் மொத்த அளவை உயர்த்திக் காட்டுகின்றன. உடலுக்குள் வேலை செய்வது புரதத்தைப் பிடித்திராத சுதந்திரமான பகுதி மட்டுமே, அது மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து அளவில்தான். ஈரல் கெட்டு ரத்தப் புரதங்கள் குறைந்தவர்களிடம் இதற்கு நேர்மாறாக, உண்மையில் போதுமான கார்டிசால் இருந்தும் அறிக்கை தாழ்ந்து காட்டும். முடி உதிர்வுக்கென்று இப்போது பலரும் விழுங்கும் பயோட்டின் மாத்திரை இன்னொரு சங்கடம்: சில இயந்திரங்கள் பயோட்டினைக் கொண்டே அடையாளக் கார்டிசாலைப் பிடித்துவைப்பதால், ரத்தத்திலுள்ள மிகுதிப் பயோட்டின் அந்தப் பிடியை அவிழ்த்து, ஒளியைக் குறைத்து, கார்டிசாலைப் பொய்யாக உயர்த்திவிடும். மூலக்கூறுகளை எடைபோட்டே இனம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்னும் முறை இத்தகைய மயக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆட்படாதது. ஆனால் அந்த இயந்திரம் விலையுயர்ந்தது, பெரிய கூடங்களிலேயே உள்ளது. ஆகவே ரத்தம் எடுப்பவரிடமும் டாக்டரிடமும் தாம் உட்கொள்ளும் மாத்திரை, பூசும் களிம்பு, உறிஞ்சும் ஆஸ்துமா மருந்து, மூட்டில் போட்டுக்கொண்ட ஊசி ஆகிய அனைத்தையும் சொல்லிவிடுவது, பரிசோதனையில் பாதி.

கார்டிசாலுக்கு ‘மன அழுத்த ஹார்மோன்’ என்று ஒரு பட்டம் பரவியிருக்கிறது. கவலையிலும் பயத்திலும் அது உயர்வது உண்மை. ஊசியைக் கண்டு நடுங்குகிறவருக்கு அந்த நடுக்கமே அளவை உயர்த்திவிடும். அதைக்கொண்டு ஒருவருடைய வாழ்க்கைத் துயரத்தை ஒரு துளி ரத்தத்தில் அளந்துவிடலாம் என்று விற்கப்படும் பரிசோதனைத் தொகுப்புகள் ஏற்கத்தக்கவையல்ல என்பது என் திடமான அபிப்பிராயம். ஓயாத வேலையால் அட்ரீனல் களைத்துப்போகிறது என்று சொல்லி, அதற்கென மாத்திரைகளும் விற்கிறார்கள்; அத்தகைய நோய் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஹார்மோன் நிபுணர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி தெளிவாகவே கூறியிருக்கிறது. களைத்தவருடைய களைப்பு மெய்யானது. ஆகையால்தான் அதன் மெய்யான காரணத்தைத் தேடாமல் பொய்ப் பெயர் ஒன்றைச் சூட்டி அனுப்புவது அவருக்கு இழைக்கும் அநீதி.

நம் நாட்டில் இந்தப் பரிசோதனைக்கு மிகுந்த அவசியம் ஏற்படுவது வேறோர் இடத்தில். முகம் வெளுக்க வேண்டுமென்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் களிம்புகளிலும், மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் பெயர் தெரியாத பொட்டலத்தில் கொடுக்கப்படும் பொடிகளிலும் வீரியமுள்ள ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. வலி மாயமாக மறைவதைக் கண்டு மாதக்கணக்கில் உட்கொள்ளும் ஏழை, தம்முடைய அட்ரீனல் வேலையற்று உறங்கிவிட்டதை அறியார். வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டே போதும் என்று பிட்யூட்டரி ஆணையிடுவதை நிறுத்திவிட, சுரப்பி சுருங்குகிறது. ஒருநாள் பொடி கிடைக்காமல் போனாலோ, யாரேனும் பயமுறுத்தியதால் திடீரென்று நிறுத்திவிட்டாலோ, காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வரும்போது ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகிறது. டாக்டரே முறையாக எழுதிக்கொடுத்து நெடுங்காலம் பிரெட்னிசலோன் உட்கொள்கிறவர்களுக்கும் இதே விதி. ஆகையால் அவர்கள் ஒருபோதும் தாமாக நிறுத்தலாகாது; டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்து, கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு நாளேனும் இடைவெளி விட்டுக் காலைக் கார்டிசாலை அளப்பார். 10 மைக்ரோகிராமுக்கு மேல் வந்தால் சுரப்பி விழித்துக்கொண்டது என்று நம்பி நிறுத்தலாம்; 5-க்கும் 10-க்கும் நடுவே நின்றால் சிறு அளவைத் தொடர்ந்து, சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்; 5-க்கும் கீழே இருந்தால் சில மாதங்கள் பொறுத்தே மறு பரிசோதனை. சுரப்பி முற்றிலும் தேறுவதற்கு ஓர் ஆண்டும் அதற்கு மேலும் ஆகிறவர்கள் உண்டு.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் இந்தப் பரிசோதனையின் விடைக்காகக் காத்திருக்கக் கூடாது. அட்ரீனல் கெட்டவர் என்றோ, நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்டவர் என்றோ தெரிந்த ஒருவர் வாந்தியோடு மயங்கி, ரத்த அழுத்தம் தாழ்ந்து கொண்டுவரப்பட்டால், எந்த மணியாயினும் குழாயில் ரத்தத்தை எடுத்துக்கொண்ட கையோடு 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் உப்பு நீரும் ஏற்றிவிட வேண்டும். அறிக்கை பிறகு வந்து சேரட்டும். நோயாளியைக் கொண்டுபோகிற உறவினர் அவருடைய நோயை எடுத்துச் சொல்லாவிட்டால், வெறும் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிட இடமுண்டு. அதனால் இத்தகையோர் தம் நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்தின் பெயர், அதன் அளவு, அவசரத்தில் போடவேண்டிய ஊசி ஆகிய நான்கையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஓர் அட்டையைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ எப்போதும் வைத்திருப்பதும், அது இருக்குமிடத்தை வீட்டிலுள்ளவர்களுக்குக் காட்டி வைப்பதும் அவசியம்.